கப்பல் படத்தின் கடைசிக் காட்சி

சுரேன்,

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப்போவதில்லை. எழுதி முடித்ததும் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவேன். சனிக்கிழமை நீயும் ஷாலினியும் கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுக்க வரும்போது இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உன் அப்பா படித்துவிட்டால் படிக்கட்டும். ஃபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் பெயர் என் வாயில் வந்ததுமே, வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து, "யாரு, சுரேனா? இங்க குடு" என்று ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன பேச முடியும்? இப்போது அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோப்பெங்குக்குப் போயிருக்கிறார். அங்கே யாரோ ஓர் அம்மாள், கப்பல் படத்தில் பழைய கேப்டன் செத்த அன்றைக்குத் தான் சோறு சாப்பிடவில்லை என்று சொன்னாராம். அதை இன்னொரு முறை சொல்ல வைத்துப் படம் பிடிக்கப் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை இந்த ஹால் எனக்கு. நடுப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் அவர் ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு உன்னிடம் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "ஒரு வருஷம்தான்யா. நியூசிலாந்து எங்கயும் ஓடிப் போயிறாது. கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க ஈப்போவுலயே இருங்க. எம் படத்துக்குக் கொரல முடிச்சிக் குடுத்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ" என்றார். நீ "பாக்கலாம்பா" என்றாய். நியூசிலாந்தில் கிடைத்திருக்கிற அந்த வேலை உனக்காக ஒரு வருஷம் காத்துக்கொண்டிருக்காது. ஷாலினி தன் பள்ளிக்கூட வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இதெல்லாம் தெரிந்தும் நீ ஏன் "பாக்கலாம்" என்றாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் நீயும் நானும் அவரிடம் "முடியாது" என்று சொல்லிப் பழகவே இல்லை. "பாக்கலாம்" என்போம், பிறகு அவர் சொன்னதைச் செய்வோம். நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ போ. சொன்ன நாளில், சொன்ன விமானத்தில், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ.

ஷாலினியும் படிப்பாள் என்பதால் கப்பல் படம் என்றால் என்ன என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பாவம், பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பாவை உட்காரவைத்து உன் அப்பா ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த மனுஷன் தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றும் புரிந்திருக்காது. அது இங்கிலாந்தில் எடுக்கிற ஒரு தொலைக்காட்சித் தொடர். ஒரு விண்வெளிக் கப்பல் பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அலைகிறது. கேப்டன் செத்துப்போவார், புதுக் கேப்டன் வருவார். உள்ளே இருப்பவர்களுக்குப் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளை வளர்ந்து அதே கப்பலில் வேலைக்கு நிற்கும். கப்பல் மட்டும் வீடு போய்ச் சேராது. ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. சுங்காய்ப் பக்கம் உன் அப்பா பிறந்த தோட்டத்தில் எல்லாரும் 'கப்பல் படம்' என்றுதான் சொல்வார்களாம். மண்டபத்தில் இருந்த ஒரே டிவியில் சனிக்கிழமை சாயங்காலம் வரும். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்த சனம் எல்லாம் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்காருமாம். ஆங்கிலம் யாருக்கும் தெரியாது. கீழே ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்தவர்கள் சத்தமாகத் தமிழில் சொல்வார்கள். பிறகு தோட்டம் கைமாறி ரப்பர் எல்லாம் எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கப்பல் படம் மட்டும் நிற்கவே இல்லை, இன்னும் ஓடுகிறது.

இந்த மாதிரித் தொடர்களைப் பற்றி உலகம் முழுக்க யார் யாரோ படம் எடுக்கிறார்கள் என்று எனக்கு இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தயாரித்த கம்பெனி எடுப்பது இல்லை. அவர்களிடம் அனுமதி கேட்காமல் ரசிகர்கள் தாங்களே எடுப்பது. நாம் மூவரும் கப்பல் படத்தைப் பார்த்ததைவிட, கப்பல் படத்தைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படங்களைத்தான் அதிகம் பார்த்திருப்போம். உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வெள்ளைக்காரர் தன் கார் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார்ந்து, ஏழாவது கேப்டனின் சட்டைப் பித்தான் ஏன் நிறம் மாறியது என்று சோறு ஆறுகிற வரைக்கும் பேசுவார். இன்னொன்றில், ஒரே ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிட்டவர் ஹோட்டல் அறையில் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுவார். கம்பெனி வழக்குப் போடும் என்பதால் தொடரிலிருந்து ஒரு காட்சியையும் காட்ட மாட்டார்கள். பாட்டுகூட அதே மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை. உன் அப்பா ஒவ்வொரு படமும் முடிந்ததும் கையிலிருக்கிற ரிமோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு முடிவாலா? 'தொடர் தொடர்கிறது, நன்றி வணக்கம்'னு போட்டுட்டுப் போயிறான். படம் எடுக்கத் தெரியாதவன்" என்பார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் கல்யாண வீடியோக்காரர். சுங்காயிலிருந்து கோலா கங்சார் வரைக்கும் அவர் கேமரா படாத மண்டபம் இல்லை. கல்யாண வீடியோவுக்கு இரண்டு சட்டம் என்பார். ஒன்று, வந்தவர் ஒருவர் முகத்தையும் விடக்கூடாது. தாய்மாமன் முகம் மூன்று வினாடி குறைந்தாலும் சம்பந்தி வீட்டோடு சண்டை வரும். இரண்டு, படம் பெண் காரில் ஏறிப் போவதில்தான் முடிய வேண்டும். பெண் அழ வேண்டும், தாய் கண்ணைத் துடைக்க வேண்டும், கார் நகர வேண்டும், அதன் பின்பக்கம் சிறிதாகிக்கொண்டே போக வேண்டும். அது சரியாக வரவில்லை என்றால் விடமாட்டார். சுங்காயில் ஒரு கல்யாணத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். முதல் தடவை யாரோ குறுக்கே நடந்துவிட்டார்கள். "அண்ணே, காடிய ரிவர்ஸ் எடுங்க, இன்னொரு தடவ" என்று கத்தினார். இரண்டாவது தடவை வெயில் கண்ணாடியில் அடித்துவிட்டது. மறுபடியும் ரிவர்ஸ். மூன்றாவது தடவை பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எத்தன தடவய்யா எம் மகள அனுப்புவ? ஒரு தடவ அனுப்புறதுக்கே எனக்கு உசுரு போவுது" என்றார். நான் வெட்கத்தில் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பாவோ, "அண்ணே, நீங்க இப்ப பேசுன மாதிரியே அந்தக் காடிகிட்ட போய் நின்னு பேசுங்க" என்றார்.

இந்த மனுஷன்தான் நம் பேராக் மாநிலத்தில் கப்பல் படம் பார்த்தவர்களைப் பற்றி ஒரு படம் எடுப்பேன் என்று ஆரம்பித்தார். சின்னப் படம், தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்றார். எந்தத் தீபாவளி என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஹாலை அவர் கப்பல் ஆக்கியது உனக்குத் தெரியும். சோபா போனது. சுவருக்குச் சாம்பல் நிறம் வந்தது. பலகாரத் தகர டின்களையும் பழைய கீபோர்டையும் ஒட்டி ஒரு மேஜை செய்தார். கடைசியில், வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஜன்னலைப் பலகை வைத்து அடித்துவிட்டு, அந்தப் பலகையின் மேல் வட்டமாக ஒரு ஜன்னல் வரைந்து நட்சத்திரம் வைத்தார். இருந்த ஜன்னலை மூடிவிட்டு ஜன்னல் படம் வரைந்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "ரெண்டு மாசம்தான், பொறுத்துக்க" என்றார். அப்போது நீ பள்ளிக்கூடமே சேர்ந்திருக்கவில்லை. இன்றைக்கு மாப்பிள்ளை ஆகப்போகிறாய். அன்றிலிருந்து எனக்குப் பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் கண்ணில் படவில்லை.

ஏன் முடியவில்லை என்றால், அந்த இரண்டு சட்டம்தான். பேசியவர் ஒருவரையும் வெட்ட மாட்டார். "நம்பி வந்து ஒக்காந்து பேசுன மனுசன நான் எப்படிலா வெட்டுறது? நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா?" என்பார். வெள்ளைக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் சொல்வதை இவர் ஒரு நாள் முழுக்க ஓடும்படி வைத்திருக்கிறார். அதற்குள் தொடரில் புதுக் கேப்டன் வந்துவிடுவார். 'இவர்தான் கடைசிக் கேப்டன்' என்று பேசியவர்களை எல்லாம் தேடிப்போய்த் திரும்ப எடுக்க வேண்டும். பழைய டவுனில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த சீனர், ஆ சூன் அங்கிள், உனக்கு மிட்டாய் கொடுப்பாரே, அவரைப் பார். தோட்டத்துச் சனங்களுக்கு விட்டுப்போன கதைகளை எல்லாம் கேசட்டாகக் கொடுத்தவர் அவர்தான். அவரை எத்தனை முறை எடுத்தார் என்று எனக்கே தெரியாது. முதல் தடவை போட்டிருந்த நீலக் கோடு போட்ட சட்டையையே ஒவ்வொரு தடவையும் போடச் சொன்னார், படத்தில் ஒரே நாள் மாதிரித் தெரிய வேண்டுமாம். அங்கிளுக்கு வயிறு வைத்துவிட்டது, பித்தான் போட முடியவில்லை. முதுகுப் பக்கம் கிழித்துவிட்டு முன்பக்கம் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போன மாதம் பாசாரில் மீன் வாங்கும்போது என்னைப் பார்த்து, "அக்கா, இந்தப் படம் பிலா ஹாபிஸ்லா? அந்தச் சட்டைய இன்னும் தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்" என்றார். எப்போது முடியும் என்று நான் அவருக்கு என்ன பதில் சொல்ல? "பாக்கலாம் அங்கிள்" என்றேன்.

சட்டை கிழிந்தால் பரவாயில்லை. உன் கதைதான் எனக்கு ஆறவில்லை. படத்துக்குப் பின்னணிக் குரல் வேண்டும் என்று உன்னை எட்டு வயதில் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, தரையில் பழைய மெத்தை போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சத்தம் விழும் என்று ஃபேனை அணைத்துவிடுவார். கதவுத் தாழ்ப்பாள் நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். அதனால் நான்தான் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து உட்காருவேன். உள்ளே நீ வாசிப்பது கேட்கும். "மறுபடி" என்பார். வாசிப்பாய். "நல்லா இருக்குய்யா, இன்னொரு தடவ" என்பார். நீ ஒரு நாள் உள்ளேயிருந்து கதவைத் தள்ளினாய். என் முதுகில் உன் கை பட்டதை நான் உணர்ந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது உன் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நேராகப் போய்க் குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டு நின்றாய்.

உனக்குக் குரல் உடைந்தபோது இந்த வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. மற்ற வீட்டில் பையனுக்கு மீசை முளைத்தால் கிண்டல் பண்ணுவார்கள். உன் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அத்தனையும் மறுபடி எடுக்கணும்" என்றார். எடுத்தார். நீ தலைநகர் கேஎல்லுக்குப் படிக்கப் போன பிறகும் விடவில்லை. தீபாவளிக்கு வருவாய். எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சட்டை போட்டிருப்பாய். ஹாலில் விருந்தாளிகள் கப்பலுக்குள் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "சுரேன் எங்க?" என்று கேட்பார்கள். நீ ஸ்டோர் ரூமில் இருப்பாய். ஷாலினியை முதல் தடவை கூட்டிக்கொண்டு வந்த அன்றும் அதுதான் நடந்தது. அவள் தனியாக என்னோடு அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தாள். "ஆன்ட்டி, அவரு எப்பவும் இப்படித்தானா? யாராச்சும் கூப்ட்டா ஒடனே போயிருவாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒன்று சொல்கிறேன், கேள். உன் அப்பா கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, எனக்கு உடம்பு முடியாமல் போனால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் எப்போதோ வெளியே போயிருப்போம். அவர் ஆசையாகக் கேட்பார், அதுதான் நம்மைக் கட்டிப்போட்டது. அன்பாகக் கேட்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும். உனக்கு அதை நான் சொல்லித்தரவில்லை, எனக்கே இல்லாததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்? ஷாலினியிடம் நீயும் ஆசையாகக் கேட்பாய், உனக்கும் அந்தக் குரல் இருக்கிறது. அவள் மாட்டேன் என்றால் முகத்தைத் தொங்கப் போடாதே. அவளை எந்தக் கதவிலும் சாய்ந்து உட்காரவைக்காதே. அவள் "பாக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கே உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டுவிடு.

நீ "பாக்கலாம்பா" என்று சொல்லி வைத்த மறுநாள் நான் அவரிடம் போனேன். "என்னங்க, கொரல்தானே வேணும்? மிச்சத்த நான் வாசிக்கிறேன்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஃபேனை அணைத்தார். கதவுக்கு வெளியே ஒரு அரிசி மூட்டையைச் சாய்த்துவைத்து, இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். நான் வாசித்தேன். "மறுபடி" என்றார். வாசித்தேன். "நல்லா இருக்கு, இன்னொரு தடவ" என்றார். கழுத்தெல்லாம் வேர்த்து, முட்டை அட்டை வாடை மூக்கில் ஏறி, எனக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. நீ இதற்குள்ளே இருந்துதான் வளர்ந்தாயா, ஐயா? வெளியே உட்கார்ந்து கேட்டவளுக்கு இது தெரியவில்லையே. நான் எழுந்து அரிசி மூட்டையோடு கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன். அரிசி கொட்டிப் போனது. "என்னாச்சி, என்னாச்சி?" என்று பின்னாலேயே வந்தார்.

கொட்டிய அரிசியைக் கூட்டிக்கொண்டேதான் நான் பேசினேன், நின்று பேசியிருந்தால் பேச்சு வந்திருக்காது. "ஏங்க, இது முடியாதுங்க. அந்தக் கப்பல் என்னைக்கு வீடு போய்ச் சேர்றது? நீங்க கல்யாண வீடியோ கணக்கா ஒக்காந்திருக்கீங்க. இதுல காடில ஏறிப் போறதுக்கு யாரு இருக்கா?" என்றேன். அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். பலகை அடித்த ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதான் எனக்கும் தெரியல. எங்க நிறுத்துறதுன்னு தெரியாமத்தான் எடுத்துக்கிட்டே இருக்கேன். பேசுனவங்கள்ல பாதிப் பேரு இப்ப இல்ல. நிறுத்திட்டேன்னா அவங்க அப்படியே நடுவுல நின்னுருவாங்களே" என்றார். அவர் குரல் அப்படி உள்ளே போனதை நான் கேட்டதே இல்லை. நம்மை அடைத்துவைத்தவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன், நமக்கு முன்னாலிருந்தே உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சொன்னேன். "கடைசிக் காட்சி நான் தாரேன். கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் சுரேனும் ஷாலினியும் ஏர்போர்ட்டுக்குக் கெளம்புவாங்க. நம்ம கேட்டுலேந்து காடி போறத எடுங்க. உங்க படத்துக்குக் கொரல் குடுத்த பிள்ள கெளம்பிப் போறான். அங்க நிறுத்துங்க." அவர் என்னையே பார்த்தார். இத்தனை வருஷம் பெண் ஏறிப் போவதைத்தான் எடுத்திருக்கிறார், பிள்ளை ஏறிப் போவதை எடுத்ததில்லை. "அவன் ஒரு வருஷம் இருக்கேன்னானே" என்றார். "பாக்கலாம்னுதான் சொன்னான்" என்றேன். பிறகு அவர் மெதுவாக, "ஒரே டேக்கா?" என்று கேட்டார். "ஒரே டேக்." "வெயிலு சரியா இல்லாட்டி?" "இல்லாட்டி அப்படியே இருக்கட்டும்." மறுநாள் காலையில் அவர் பசியாறிவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்று, இரண்டு கைவிரலையும் சதுரமாக வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேனை எங்கே நிறுத்துவார் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

இன்னும் வாசிக்க வேண்டியது இருக்கிறது. அதை நான் வாசிக்கிறேன். கதவைத் திறந்துவைத்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். "ஃபேன் சத்தம் விழும்லா" என்றார். "விழட்டும், ஈப்போவுல ஃபேன் இல்லாத வீடு இருக்கா?" என்றேன். இது ஒன்றும் தியாகம் இல்லை, நீ அழுதுகொண்டு திரும்பி வந்துவிடாதே. எனக்கு இந்தப் படம் முடிய வேண்டும். முடிந்தால்தான் அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட முடியும். ஆ சூன் அங்கிளும் சட்டையைத் தூக்கிப் போடுவார். நீ போகாமல் இங்கே உட்கார்ந்தாயானால் கடைசிக் காட்சி கிடையாது. பிறகு உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கு எட்டு வயசாகும், உன் அப்பா அதை எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுவார் என்று யோசித்துப் பார்.

அதனால் அன்றைக்கு என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். நீங்கள் காலில் விழுந்து எழுந்திருப்பீர்கள். ஷாலினி அழுதால் அழட்டும். காரில் ஏறுவீர்கள், கார் நகரும். உன் அப்பா தெருவில் கேமராவோடு நிற்பார். அவரை எனக்குத் தெரியும். ஒரே டேக் என்று ஆயிரம் தடவை தலையாட்டியிருந்தாலும், கார் முனை திரும்புவதற்குள் கையைத் தூக்குவார். குறுக்கே நாய் போயிருக்கும், இல்லாவிட்டால் மேகம் மூடியிருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே ஆகியிருக்காது. "ரிவர்ஸ் எடுய்யா, இன்னொரு தடவ" என்று கத்துவார். ஆசையாகத்தான் கத்துவார். பக்கக் கண்ணாடியில் அவர் ஓடிவருவது உனக்குத் தெரியும். உன் கை தானாகவே கியருக்குப் போகும், பழகின கை. நீ கண்ணாடியைப் பார்க்காதே, ஷாலினியைப் பார். நான் அழுகிறேனா என்று தேடாதே, அழுதுகொண்டுதான் இருப்பேன். நீ ஏறிய அடுத்த நிமிஷமே நான் கேட்டைச் சாத்திவிடுவேன். அந்தக் காலத்தில் ஸ்டோர் ரூம் கதவில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரியே, கேட்டில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பேன். நீ இறங்கி வந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்க மாட்டேன்.

அம்மா